வான்கோழி இறகா, பிளாஸ்டிக்கா, வாத்து இறகா? கடலூர்க் காற்றில் அம்பு கட்டுகிறவர்களுக்கு

மூங்கில் அம்பு, மர அம்பு வைத்து, அம்பு உட்காரத் தாங்கி எதுவும் பொருத்தாத வில்லில் எய்கிறவர்களுக்கான அலசல் இது. கப்பி வைத்த காம்பவுண்டு வில்காரர்கள், ஒலிம்பிக் முறையில் ரிகர்வ் என்கிற நுனி வளைந்த வில் பழகுகிறவர்கள் கணக்கு வேறு. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வான்கோழிச் சிறகின் இறகு. கடலூர், புதுச்சேரி மாதிரி உப்புக்காற்றும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உள்ள ஊருக்கு இறகு சரிப்படாது, அம்பின் வாலில் இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் தகடான ‘வேன்’தான் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எய்து முடித்த பிறகு அம்பை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எடைக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 5 அங்குல வான்கோழி இறகு ஒன்று சுமார் 3 கிரெயின், மூன்றுக்கு 9. வழக்கமான 4 அங்குல பிளாஸ்டிக் வேன் ஒன்றே 8 கிரெயின் அளவு, மூன்றுக்கு 24. ஒரு கிராமுக்கு 15 கிரெயின் சொச்சம். ஆக, வித்தியாசம் ஒரு கிராம்தான். ஆனால் அம்பின் வாலில் ஏறும் ஒரு கிராம் அது. வால் கனத்தால் அம்பு நேராக நிலைபெற நேரமெடுக்கும். இறகின் சொரசொரப்பான மேற்பரப்பு காற்றைப் பிடித்து அம்பைச் சீக்கிரம் நேராக்குகிறது. அதே காரணத்தால் தூரம் போகப்போக வேகத்தையும் தின்கிறது. இருபது முப்பது மீட்டரில் எய்கிறவருக்கு அது பொருட்டில்லை.

தாங்கி இல்லாத வில்லில் அம்பின் வால், வில்லின் மரத்தையோ பிடித்த கையையோ தொட்டுக்கொண்டுதான் போகும். இறகு மடங்கி வழிவிட்டு, தாண்டியதும் நிமிர்ந்துவிடும். பிளாஸ்டிக் மடங்காது, மரத்தில் தட்டி வாலை வெளியே தள்ளும். அம்பு ஆட்டத்தோடு போய் இலக்கில் சாய்ந்து நிற்கும். இதற்குப் பழக்கத்தாலோ குறி பார்ப்பதாலோ பரிகாரம் கிடையாது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் 3டி போட்டிகளில் (விலங்கு வடிவ இலக்குகளை எய்வது) லாங்போ என்கிற நீள்வில் பிரிவுக்கு மரத்தண்டும் இயற்கை இறகும்தான் என்று விதியே இருக்கிறது. எய்யும் வரை இறகுதான் மேல் என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் எழுவதெல்லாம் எய்து முடித்த பிறகுதான்.

பராமரிப்பு: முடிவு செய்வது இதுதான்

மழையைத்தான் எல்லோரும் பெரிய எதிரியாகச் சொல்கிறார்கள். நனைந்த வான்கோழி இறகு தண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அம்பைத் திருத்தாது. உண்மைதான். ஆனால் இந்தச் சேதம் நிரந்தரமில்லை. இறகு என்பது நம் நகம், முடி போலக் கெரட்டின்; அதன் இழைகள் ஒன்றோடொன்று நுண்ணிய கொக்கிகளால் பிணைந்தவை. நனைந்தாலும் கசங்கினாலும் கொக்கிகள் கழன்றுகொள்ளுமே தவிர, பெரும்பாலும் அறுந்துபோவதில்லை. நிழலில் காயவைத்து, விரலால் அடியிலிருந்து நுனிப்பக்கமாக நீவிவிட்டால் இழைகள் மறுபடி கூடிக்கொள்ளும். கூடாவிட்டால் இட்லிக் குண்டான் ஆவி போதும். மூடியைக் கொஞ்சம் விலக்கி, ஆவி வரும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, அம்பைச் சுழற்றிக்கொண்டே பத்துப் பதினைந்து விநாடி காட்டினால், பெட்டியில் நசுங்கி மடிந்த இறகுகூட எழுந்து நிற்கும். கை சுடாத தூரமே சரியான தூரம். ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் பசை இளகும்.

நியாயமாகச் சொன்னால், வெயிலில் சுருண்ட பிளாஸ்டிக் வேனையும் சூடான காற்று காட்டி ஓரளவு நேராக்கலாம். கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்த வேன்கள், பெட்டிச் சுவரில் எப்படிச் சாய்ந்திருந்தனவோ அப்படியே வளைந்துவிடும். ஆனால் ஓரம் கிழிந்த வேனை மாற்றத்தான் வேண்டும். ஓரம் பிளந்த இறகை நீவிச் சேர்க்கலாம்.

எய்யும்போதே மழை வந்தால் என்ன செய்வது? நீர் ஒட்டாத சிலிக்காப் பொடி கிடைக்கிறது. இறகைப் பையிலுள்ள பொடியில் முக்கி, தட்டி உதற வேண்டும். தூறலுக்கு அது தாங்கும். கார்த்திகை மாத அடைமழைக்குத் தாங்காது. அந்த மழையில் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இறகைக் கொல்வது மழையைவிட மூடிய பெட்டிதான். ஈரக்காற்று அடைபட்ட பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கும். ஒன்று பூஞ்சை: இறகின் அடியில் சாம்பல் படிந்தாற்போலத் தெரியும், முகர்ந்தால் ஈரத்துணி வாடை. மற்றது பூச்சி. பட்டுப்புடவையையும் கம்பளியையும் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவும், அதைவிட மோசமான சிறுவண்டின் ரோமப் புழுவும் கெரட்டினைத் தின்றே வாழ்பவை. இறகின் ஓரத்தில் பல் வைத்துக் கடித்தாற்போல் பள்ளம், பெட்டி அடியில் பழுப்பு நிறக் காய்ந்த தோல்கள், மணல் போன்ற எச்சம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தப் பெட்டியிலுள்ள எல்லா அம்பும் சந்தேகத்துக்குரியவை. தின்ற இழை மறுபடி வராது. ஆவியால் இங்கே பயனில்லை. பிளாஸ்டிக்கை இந்தப் புழு தொடாது. இறகுக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் இதுதான்.

பதில் சுலபமானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வெறும் இறகாக வாங்கியதை முதலில் மிதமான ஷாம்பு நீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போட்டு, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரி முட்டையையும் புழுவையும் கொல்ல அவ்வளவு காலம் தேவை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது போன்ற நாட்களில் மின்சாரம் நின்றால், கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். பாதிச் சிகிச்சை பூச்சியைக் கொல்லாது. வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். திறந்தால் குளிர்ந்த இறகின்மேல் காற்றின் ஈரம் படியும்.

கட்டிய அம்புகளைத் தூணியிலோ சட்டத்திலோ முனை கீழும் இறகு மேலுமாக, இறகுகள் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி வையுங்கள். பெட்டிதான் என்றால் சிலிக்கா ஜெல் பைகள் வேண்டும். பாச்சை உருண்டை வேலை செய்யும், ஆனால் வாடை அம்பிலும் கையிலும் ஏறும். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் பூச்சியை விரட்டுமே ஒழிய, உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, வாரம் ஒருமுறை அம்பை எடுத்து எய்வதுதான். இருட்டும் அமைதியும் இருக்கிற இடத்தில்தான் புழு வளர்கிறது. வெள்ளி கடற்கரைப் பக்கமோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கமோ வீடு உள்ளவர்கள், மாதம் ஒருமுறை இறகை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும்.

ஆக மொத்தம், பிளாஸ்டிக்குக்குப் பராமரிப்பு குறைவு, பழுதானால் மாற்றம். இறகுக்குப் பராமரிப்பு கூடுதல், பழுதானால் பெரும்பாலும் சீர்செய்து கொள்ளலாம். மரத்தண்டோடு தினமும் புழங்குகிறவருக்கு இரண்டாவதே லாபம். வருஷத்துக்கு நான்கு முறை மட்டும் அம்பை எடுப்பவர் தாங்கி பொருத்திக்கொண்டு பிளாஸ்டிக்கில் இருந்துவிடலாம்.

வாத்து, கோழி, மயில்

அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டம் நம் பக்கத்தில் பழக்கமான காட்சி. அதனால் “வாத்து இறகு இருக்கும்போது வான்கோழி எதற்கு?” என்று கேட்பார்கள். எண்ணெய்ப்பசை இருப்பதால் நீரை வான்கோழியைவிட நன்றாக உதறும் என்பது சரிதான். ஆனால் நாட்டு வாத்தின் சிறகிறகு குட்டை. 3 அங்குலத்துக்கு மேல் நேரான துண்டு எடுப்பது கஷ்டம், இழையும் மென்மை. சீமை வாத்து என்கிற கூஸ் இறகு வேறு தரம். ஐரோப்பிய நீள்வில் மரபில் பெயர் பெற்றது அதுதான். வான்கோழி அமெரிக்கப் பறவை, 16-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. கூஸ் இறகில் சில அம்புகள் அளவுக்கே என் பழக்கம். நனைந்தபின் சீக்கிரம் தேறுகிறது என்று மட்டும் சொல்வேன், ஆயுள் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

கோழி, சேவல் இறகு இழை தளர்ந்தது, வளைவு அதிகம். மயில் இறகுப் பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை அது. கழுகு, பருந்து இறகுகளையும் விட்டுவிடுங்கள். வான்கோழியில் இந்தக் கவலை இல்லை, பண்ணைப் பறவை.

இறகு தேர்வும் கட்டும் முறையும்

நாட்டுக் கறுப்பு, பெல்ட்ஸ்வில் வெள்ளை, இரண்டும் கலந்த நந்தனம் வான்கோழி எல்லாமே தமிழ்நாட்டில் வளர்க்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறகுகள் நிறையக் கிடைக்கும். கறுப்பும் பட்டை போட்டதும் முதல் தேர்வு. கறுப்பு நிறமியான மெலனின் இழைக்கு உறுதி தரும், தேய்மானம் குறையும். வெள்ளை சாயம் ஏறுவதற்கு நல்லது, அதனால் ஒரு அம்பின் மூன்று இறகுகளில் தனி நிறமாக வைக்கும் ஒன்றுக்கு மட்டும் வெள்ளையைச் சாயமேற்றுவது என் வழக்கம். பண்ருட்டி முந்திரித் தோப்புச் சருகில் விழுந்த அம்பைத் தேடும்போது அந்த ஒரு மஞ்சள் இறகுதான் கண்ணில் படும்.

சிறகின் வெளி நுனியில் உள்ள பத்து முதன்மை இறகுகளிலிருந்து எடுங்கள். இடச்சிறகா வலச்சிறகா என்பதைப் பிரித்தே ஆகவேண்டும். இறகின் நடுத்தண்டில் வாய்க்கால் போலப் பள்ளம் ஓடும் பக்கம் அடிப்பக்கம். பள்ளம் கீழே இருக்க, நுனி உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கப் பிடியுங்கள். அகலமான இழைப்பக்கம் இடதில் இருந்தால் இடச்சிறகு, வலதில் இருந்தால் வலச்சிறகு. எந்தச் சிறகாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே அம்பில் இரண்டையும் கலக்கக்கூடாது. இறகின் இயற்கை வளைவு ஒன்றையொன்று எதிர்த்தால் அம்பு சுழலாமல் தள்ளாடும்.

அகலப் பக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறோம். கூர்ப்பிளேடால் நடுத்தண்டைப் பள்ளம் வழியே நீளவாக்கில் பிளந்து, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே இழையைக் கவ்வவைத்து, அடியை 120 எண் உப்புத்தாளில் தேய்த்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சமதளமாக்குங்கள். சமமில்லாத அடி பசையில் பாதிதான் ஒட்டும். அதிகம் தேய்த்தால் இறகு வில்லாக வளைந்துவிடும். அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்து, அடியோடு சேர்த்து அரை அங்குலத்துக்குச் சற்று மேலான உயரத்தில் கத்தரியுங்கள்.

தண்டுக்குப் பூசிய வார்னிஷ் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் இறகு வார்னிஷ் தோலோடு சேர்ந்தே உரிந்து வரும். ஒட்டும் இடத்தை அசிட்டோனில் லேசாகத் துடைக்கலாம், ஆனால் முதலில் வீணான துண்டில் சோதியுங்கள். சில வார்னிஷ்கள் அசிட்டோனில் கரையும். ஷெல்லாக் பூச்சை மழை நாளில் போட்டால் வெளுத்துவிடும். தச்சர்களின் வச்சிரப் பசை மரபுக்கு அழகுதான், ஆனால் இந்த ஈரத்தில் இளகும், ஆவி காட்டினால் மொத்தமாகக் கழன்றுவிடும். ஃபெவிக்விக் வகைப் பசை ஈரக்காற்றில் அவசரமாக இறுகி, வெள்ளைப் பொடி பூத்து, மொறுமொறுவென்று உடையும். இறகு ஒட்டுவதற்கென்றே உள்ள, மெதுவாக இறுகும் ‘இறகு சிமெண்ட்’ பசையே என் சிபாரிசு. இறகைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வியில் ஒவ்வொரு இறகுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

மூன்று இறகு, 120 டிகிரி இடைவெளி. தனி நிற இறகு நாண் உட்காரும் குதைக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்புறம் பார்க்க வேண்டும். குதையின் அடியிலிருந்து இறகின் பின்முனை வரை ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கள், விரலுக்கு இடம் வேண்டும். இறகின் இயற்கை வளைவு போகும் திசையிலேயே இரண்டு மூன்று டிகிரி சாய்த்து ஒட்டினால் அம்பு சுழலும்.

கடைசியாக முன்முனை. கையின்மேல் அம்பை வைத்து எய்கிறவர்கள் இதில் அலட்சியம் காட்டக்கூடாது. நடுத்தண்டின் முன்முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தால் நாண் விட்டதும் கட்டைவிரல் அடியைக் குத்திக் கிழிக்கும், உள்ளே முள்ளாகத் தங்கும். முன்முனையைச் சரிவாகத் தேய்த்து, மெல்லிய பட்டு நூலால் ஐந்தாறு மில்லிமீட்டர் நெருக்கமாகச் சுற்றி, நூலின்மேல் பசை தடவி, விரலை இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் அந்த அம்பு இன்னும் எய்யத் தயாராகவில்லை. பின்முனையிலும் அதே சுற்று. ஐப்பசிக்கு முன்னால் எல்லா அம்பிலும் இந்த நூலைப் பாருங்கள். ஈரத்தில் முதலில் விடுவது முன்முனைச் சுற்றுதான்.