வார்டில் அம்மாவின் கையில் கனூலா: மலையகம் போகிறவர்கள் கவனிக்க

லீவுக்கு ஊர் போன இடத்தில், நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ வார்டில் அம்மா அப்பாவுக்குத் துணை நிற்க வேண்டி வருவது நம்மில் பலருக்கு நடக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள். 1990க்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்சும் இலவசம். ஆனால் ஒரு மிஸ் (தாதி) பல கட்டில்களைப் பார்க்கிறார். அதனால் கையில் ஏற்றியிருக்கும் கனூலாவை (மருந்து ஏற்ற, இரத்த நரம்புக்குள் விடும் மெல்லிய குழாய்) அடிக்கடி பார்த்துச் சொல்வது பக்கத்தில் நிற்கிறவரின் வேலை. பிரிப்பதும் கட்டுவதும் மிஸ்ஸின் வேலை.

கனூலாவின் நிறம் அளவைச் சொல்லும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. இலக்கம் கூடக்கூடக் குழாய் மெலியும். மெல்லிய நரம்புள்ள வயசானவர்களுக்கு நீலம் பொதுவாகப் போதும். குளிரில் நரம்பு சுருங்கிவிடுவதால், குத்துவதற்கு முன் இளஞ்சூட்டுத் துணியால் கையைச் சுற்றிவைத்தால் நரம்பு எழும்பும்.

வெள்ளைப் பிளாஸ்டரால் முழுதாக மூடினால் ஊசி போன இடம் தெரியாது. தெரியாத இடத்தில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஊடுபார்க்கக்கூடிய ஒட்டுப்படல டிரெசிங் கேளுங்கள். வார்டில் இல்லையென்றால் டவுன் பாமசியில் இரண்டு வாங்கி, உறை பிரிக்காமல் மிஸ்ஸிடம் கொடுங்கள். மிஸ் கை கழுவி, கிளவுஸ் போட்டு, 70% அல்கஹோலில் 2% குளோர்ஹெக்சிடின் (கிருமிநீக்கி) கலந்த பஞ்சால் அந்த இடத்தை 30 செக்கன் தேய்த்து, பிறகு தானாகக் காயவிடவேண்டும். ஊதவோ விசிறவோ கூடாது. மலைக்குளிரில் இது காய இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் படலம் மாலைக்குள் கழன்றுவிடும். துளை படலத்தின் நடுவில் வரவேண்டும், இழுத்து ஒட்டக்கூடாது. ஓரத்தில் திகதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். ஒட்டு நன்றாக இருந்தால் படலம் 7 நாள் வரை போகும்; கோஸ் (வலைத்துணி) என்றால் 2 நாள். நனைந்தாலும் ஓரம் எழும்பினாலும் உடனே மாற்றவேண்டும். மணிக்கட்டைச் சுற்றி வளையமாகப் பிளாஸ்டர் போட விடாதீர்கள். கை வீங்கினால் அது இறுக்கிவிடும்.

அங்கே கனூலா இழுபடுவதற்குப் பெரிய காரணம் சுவெட்டர்தான். போடும்போது கனூலா உள்ள கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். கழுவப் போனால் சொப்பின் பையால் மூடுங்கள். கனூலாவோடு வீட்டுக்கு அனுப்பினால் பீலிப்பக்கம் (மலைத்தண்ணீர் கொட்டும் குழாயடி) குளிக்கவிடவே வேண்டாம். கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது, வளைவுப் பாதையில் குழாய் இழுபடாதிருக்க அதை ஒரு சுற்றாக மடித்து முன்னங்கையில் ஒட்டச் சொல்லுங்கள்.

மருந்து போடுமுன்னும் பின்னும் 0.9% சேலைன் (உப்புநீர்) 5 மில்லிலீட்டர் அளவு செலுத்திக் குழாயைக் கழுவுவார்கள். தடை இருந்தால் அழுத்தித் தள்ளக்கூடாது.

இரண்டு கோளாறுகளைப் பிரித்து அறியவேண்டும். சேலைன் நரம்புக்கு வெளியே கசிந்தால் இடம் வீங்கி, குளிர்ந்து, வெளிறித் தோல் இறுகும், சொட்டும் மெதுவாகும். நரம்பே அழன்றால் இடம் சுடும், சிவக்கும், நோகும், சிலவேளை நரம்பு நெடுகக் கயிறுபோல் தட்டுப்படும். இரண்டிலும் ஏற்றுவதை நிறுத்திக் கனூலாவைக் கழற்றி வேறிடத்தில் போடவேண்டும். சீழோ குளிர்காய்ச்சலோ கண்டால் டொக்டருக்கு உடனே தெரியவேண்டும். தமிழ் புரியாத மிஸ் என்றால் இடத்தைக் காட்டி "மெதன ரிதெனவா" (இங்கே நோகுது), "இதிமிலா" (வீங்கியிருக்கு) என்றால் போதும்.

கனூலாவை 3, 4 நாளுக்கொருமுறை மாற்றும் பழக்கம் இன்னும் பல வார்டுகளில் உண்டு. அதைவிட முக்கியம், மருந்து குளிசைக்கு மாறிய பிறகும் கனூலா சும்மா கிடந்தால், "இது இன்னும் தேவையா மிஸ்?" என்று கேட்பது. தேவையில்லாத கனூலா கிருமி நுழைய ஒரு வழி.

கழற்றியதும் கோஸ் வைத்து 2, 3 நிமிசம் அழுத்துங்கள், கையை மடிக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், டெங்கினால் பிளேட்லெட் குறைந்தவர்களுக்கும் 5 நிமிசத்துக்கு மேலும் தேவைப்படலாம். கனூலாவைக் கழற்றிய பிறகும் நரம்பு அழற்சி தலைகாட்டலாம். ஆகவே இரண்டு நாளைக்கு அந்த இடத்தைப் பாருங்கள். அதற்குள் நீங்கள் விமானம் ஏறுவதானால், வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இடத்தைக் காட்டி, எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.