வார இறுதிக்கு ஆயா அனுப்புகிறோம் என்று 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள் - வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் படிக்கவும்

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள், குறிப்பாகச் சனி ஞாயிறிலும் டூட்டி இருப்பவர்கள், யாருக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக்கு ஆயா அனுப்பும் ஒரு ஏஜென்சியிடம் 14,500 ரூபாய் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். “உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது” என்று நேற்று மாலை மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்த கோபத்தில்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. “நம்பிக்கையான, பயிற்சி பெற்ற ஆயா, 24 மணி நேரத்தில் உங்கள் வீட்டில்” என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும் இல்லையா, அந்த வகை. இப்படிப்பட்டவர்களிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஐசியூவில் இருக்கும் நோயாளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ரத்தப் பரிசோதனை நின்றுவிடாது, அதனால் எங்களுக்கு மாதத்தில் பாதி வார இறுதிகள் டூட்டிதான். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருடைய வார விடுமுறை எந்தக் கிழமையில் வரும் என்று சொல்ல முடியாது. அம்மா ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. மாமியார் இல்லை.

பேறுகால விடுப்புச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்தால் 26 வாரம் விடுப்பு கிடைத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. எங்கள் மருத்துவமனையிலும் காப்பகம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மதியத்தோடு பூட்டிவிடுவார்கள், ஞாயிறு கிடையாது. மருத்துவமனை ஞாயிறும் ஓடுகிறது, அங்கே வேலை பார்க்கும் அம்மாக்களின் குழந்தைகளுக்கு மட்டும் ஞாயிறு லீவு. இதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. வீட்டுப் பக்கத்தில் விசாரித்த டே கேர்களும் வார நாட்களில் மட்டும்தான். அதிலும் ஒன்றில் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வாருங்கள் என்றார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விளம்பரம். நம்பரைக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் பணம் பேசவே இல்லை. “பாப்பாவுக்கு எத்தனை மாசம் மேடம்? தாய்ப்பாலா, பவுடரா? நைட் எழுந்திரிக்கிறாளா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். “கவலைப்படாதீங்க மேடம், நானும் கைக்குழந்தையை விட்டுட்டு வேலைக்கு வந்தவதான்” என்றாள். இப்போது நினைத்தால் அந்த ஒரு வார்த்தைக்காகவே வயிறு எரிகிறது. பதிவுக் கட்டணம் 1,500. ஒரு நாள் ட்ரையல், ஆயாவைப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள். பிடித்தால் சர்வீஸ் சார்ஜ் 8,000, வார இறுதி வேலைக்கு முன்பணம் 5,000. மொத்தம் 14,500 ரூபாய். எங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. விடுப்பு முடியும் நேரம், பிரசவச் செலவுக்கு வாங்கிய கடனே இன்னும் பாக்கி.

ட்ரையல் நாளில் ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் செருப்பை ஓரமாக விட்டு, கை கால் கழுவிக்கொண்டு, கையில் இருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். “பிள்ளை மேல குத்தும் மா” என்றார். அதற்குப் பிறகுதான் பாப்பாவையே தூக்கினார். முந்தின இரவு எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த பாலை எப்படிச் சூடு பண்ணுவார் என்று பார்க்க நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அடுப்பில் வைக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பால் பாட்டிலை அதில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பாலாடையில் எடுத்து, குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். “மிச்சத்தைத் திரும்ப உள்ள வைக்கக் கூடாது இல்ல மா?” என்று அவரே கேட்டுக் கொட்டினார். மத்தியானம் பாப்பா அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். வேலைக்குத் திரும்பும் தேதி நெருங்க நெருங்கச் சரியாகத் தூங்காமல் இருந்த நான் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். “இந்த அக்காவையே உங்களுக்கு ஃபிக்ஸ் பண்ணிடலாம் மேடம். இவங்களை இன்னொரு ஃபேமிலியும் கேக்குறாங்க, இன்னைக்கே முடிச்சிடுங்க” என்றாள். ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. மீதி 13,000 ரூபாயை ஜிபேயில் போட்டோம். நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனி ஆளின் பெயர் வந்ததைக் கணவர் கேட்டார். “அக்கவுன்டன்ட் பேரு சார், பில்லு கம்பெனி பேர்லதான் வரும்” என்றார்கள். பில்லும் வந்தது. அதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று போட்டிருந்தது. இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷிப்ட். ஆறே காலுக்கு அக்கா வர வேண்டும். ஆறரைக்குக் கூப்பிட்டால், “பஸ் ஏறிட்டாங்க மேடம்.” ஏழு மணிக்கு, “பக்கத்துல வந்துட்டாங்க.” அதற்குப் பிறகு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இரவு ஷிப்டில் இருந்த டெக்னீஷியன் எனக்காக வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள், அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பதரைக்குக் காலிங் பெல் அடித்தது. வந்தது வேறு ஒரு பெண். குழந்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “சமையலுக்குன்னுதான் சொன்னாங்க. கைக்குழந்தையெல்லாம் எனக்குப் பழக்கமில்ல மா” என்றார். ஆதார் கேட்டேன், கொண்டுவரவில்லை. பழக்கமில்லை என்று அவரே சொல்லும்போது ஆறு மாதக் குழந்தையை எந்தத் தைரியத்தில் விட்டுப் போவது? பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினோம். அன்றைக்கு எனக்கு லாஸ் ஆஃப் பே. மறுநாள் யாருமே வரவில்லை, கணவர் லீவு போட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்சார்ஜ் கூப்பிட்டு, “இப்படியே போனா ரோஸ்டர் போட முடியாதும்மா” என்றார். அவரைச் சொல்லி என்ன?

திங்கட்கிழமையிலிருந்து அலைக்கழிப்பு. முதலில் பேசிய பெண் “வேற டீமுக்கு மாறிட்டாங்க.” புதிதாக வந்தவர், “டிக்கெட் போட்டிருக்கேன், 7 வேலை நாள் ஆகும்” என்றார். ஏழு நாள் கழித்துக் கேட்டால், “ஃபைனான்ஸ் டீம்ல இருக்கு.” ஃபைனான்ஸ் நம்பர் கேட்டால், “அவங்க கஸ்டமர்கிட்ட பேச மாட்டாங்க.” மேனேஜர் எப்போது கேட்டாலும் மீட்டிங்கில். கொடுத்த முகவரிக்குக் கணவர் நேரில் போனார். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பூட்டிய அறை, போர்டு கூட இல்லை. வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “ட்ரையல் நாளிலேயே சேவை தொடங்கிவிட்டது. சனிக்கிழமை மாற்று ஆள் அனுப்பப்பட்டார், வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். நாங்கள் பெற்றது ஆலோசனைக் கட்டணம் மட்டுமே, எனவே பணம் திரும்பத் தர இயலாது.”

14,500 ரூபாயும் போச்சு. பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம் என்று சொல்லித்தான் ட்ரையல் வைத்தார்கள். அந்த ட்ரையலையே காரணம் காட்டிப் பணத்தை முடக்கிவிட்டார்கள். குழந்தை வளர்ப்பே தெரியாத ஒருவரை வாசல் வரை அனுப்பிவிட்டு, மறுத்தது நான் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

அந்த அக்கா ஏன் வரவில்லை என்பது முந்தாநாள்தான் தெரிந்தது. ஆயாவிடம் நேரடியாக நம்பர் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது ஏஜென்சியின் விதி. ஆனால் ட்ரையல் நாளில் அவர் போனில் பேலன்ஸ் இல்லாமல், என் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டிருந்தார். அந்த நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். “உங்க வீட்டுக்கு ஒரு நாள்தான்னு சொன்னாங்க மா. அதுக்கப்புறம் வேற வேற வீட்டுக்கு இதே மாதிரி ஒவ்வொரு நாள் அனுப்புறாங்க” என்றார். சேர்த்துவிடுவதற்கென்று அவரிடமும் 2,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நிரந்தரமாக ஒரு வீடு தருகிறோம் என்று அவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். “பாப்பா நல்லா இருக்காளா மா?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வேலை தெரிந்த, பிள்ளைகள் மேல் பிரியம் உள்ள ஒரு பெண்ணைத் தூண்டில் புழுவாக வீடு வீடாக மாட்டிக் காசு பிடுங்குகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இது நடந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மணி பதினொன்று, காலையில் ஷிப்ட். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ட்ரையல் முடிந்த அன்றே மீதிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் வார இறுதி முழுதாக வேலை பார்த்த பிறகு கொடுங்கள். ட்ரையலுக்கு வந்தவரேதான் வேலைக்கும் வருவார் என்று, வராவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொல்வது செல்லாது. பில்லில் ‘ஆலோசனை’ என்று இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். போலீஸ் சரிபார்ப்பை அவர்கள் அனுப்பும் நகலோடு விடாமல், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாள் சரிபார்ப்புக்கு நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நான் இன்று பதிவு செய்துவிட்டேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ரசீது, பில் எதையும் அழிக்காதீர்கள். சென்னையில் வேறு யாருக்காவது ட்ரையலுக்கு நல்ல ஆயா வந்து, அதற்குப் பிறகு ஆளே வராமல் போயிருந்தால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நீங்களும் 1915-ல் புகார் போடுங்கள்.