காணொளிக் கலைக்குப் பழைய பெட்டி ரீவி: 21 அங்குலக் கலர் செற் எப்படி?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ரீவி திருத்தும் கடைகளின் பின்பக்கத்திலும் பழைய இரும்பு எடுப்பவர்களிடமும் 21 அங்குலப் பெட்டி ரீவிகள் இன்னும் கிடக்கின்றன. நாடகம் பார்க்க இப்போது யாரும் இதைக் கேட்பதில்லை. வீடியோ சிக்னலைக் களிமண்போலப் பிசைந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கோ இது அருமையான கருவி.

1969 மார்ச் 23 அன்று பொஸ்ரனின் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஜிபிஎச், ஆறு கலைஞர்களின் வேலைகளை 'த மீடியம் இஸ் த மீடியம்' என்று ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு அதே நிலையத்தில் வீடியோக் கலையின் முன்னோடி நாம் ஜூன் பைக் (Nam June Paik), பொறியியலாளர் ஷுயா அபேயுடன் செய்த வீடியோ சிந்தசைசரை, அதாவது வீடியோ சிக்னல்களைக் கலந்து நிறம் மாற்றும் கருவியை, நான்கு மணிநேரம் நேரலையில் ஓடவிட்டார். அந்த வேலைகள் இப்படிப் படக்குழாய் உள்ள ரீவிகளுக்காகவே பிறந்தவை. கணினித் திரையில் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

பெட்டி ரீவியின் பெரிய பலம் தாமதமின்மை. சிக்னல் வந்த கணமே கதிர் அதைத் திரையில் கீறிவிடும். எல்ஈடி ரீவி படத்தை வாங்கி, சேமித்து, பிறகுதான் காட்டும். அதனால் கமராவின் படத்தை ரீவியில் காட்டி, கமராவை அதே திரைக்குத் திருப்பிப் பிடிக்கும்போது, படத்துக்குள் படமாக உருவாகும் சுழல் வழுக்கி ஓடாமல் படிபடியாக வெட்டி வெட்டி வரும்.

வாங்கும்போது மஞ்சள் ஏவி சொக்கெற் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்டெனாத் துளை மட்டுமென்றால், பழைய வீடியோ டெக் ஒன்றை நடுவில் வைத்து அதன் ஆர்எப் (அன்டெனா வயர்) வெளியீட்டைக் கொடுக்கலாம். பிறகு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சூடானபின் படம் சுருங்கினால் கண்டென்சர் பழுது, மாற்றலாம். நடுவில் கிடையாக ஒரே கோடு என்றால் வேர்ட்டிக்கல் ஐசி, அதுவும் மாற்றலாம். படம் மங்கி, வெளிச்சத்தைக் கூட்டினாலும் எழும்பாவிட்டால் குழாய் களைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். 'சட் சட்' என்ற சத்தம் வந்தாலும் வேண்டாம், குழாய்க்கு உயர் வோல்ட் கொடுக்கும் பிளைபேக் கசிகிறது. மாரியில் இன்னும் மோசமாகும்.

கமராவுக்குப் பழைய ஹாண்டிகாம் போதும். கனடாவிலிருந்து வந்தது பெரும்பாலும் என்ரிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்க வீடியோ முறை. பல முறைகளையும் ஏற்கும் செற் இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். ஐரோப்பாவிலிருந்து வந்தது பெரும்பாலும் நம் ரீவிகளின் முறையான பால் (PAL), நேரே பொருந்தும்.

அறையை இருட்டாக்கி, ஹாண்டிகாமை ஒன்றரை மீற்றர் தள்ளி ஸ்ராண்டில் நிறுத்தி, ஏவி வயரை ரீவிக்குக் கொடுங்கள். ஓட்டோ போகஸ், ஓட்டோ எக்ஸ்போசர், எழுத்துக் காட்டும் டிஸ்பிளே மூன்றையும் நிறுத்துங்கள். எக்ஸ்போசரை ஓட்டோவில் விட்டால் படம் மூச்சு வாங்குவதுபோல் துடிக்கும். திரையின் ஓரம் கமராச் சட்டத்தின் ஓரத்தைத் தொடுமளவுக்கு சூம் செய்து, கமராவைக் கொஞ்சம் சரித்து, முன்னால் ரோர்ச் ஒன்றை அசையுங்கள். சுழல் பிறக்கும். சூமைக் குறைத்தால் சுரங்கம்போல் உள்ளே போகும், கூட்டினால் வெளியே மலரும். முழுக்க வெள்ளையாகிவிட்டால் ரீவியின் பிரைட்னஸைக் குறையுங்கள். இன்னொரு கமராவால் திரையைப் பதிவதானால், பால் படத்துக்குச் சட்டர் 1/50. வேறு வேகத்தில் கறுப்புப் பட்டை ஓடும்.

1965இல் பைக் ரீவியின் மேல் பெரிய காந்தம் வைத்துப் படத்தை வளைத்தார். அது கறுப்பு வெள்ளை செற். கலர் செற்றில் அதைச் செய்தால் குழாய்க்குள் இருக்கும் துளைத்தகடு காந்தமேறி, ஊதா, பச்சைக் கறை நின்றுவிடும். செற்றை அரை மணிநேரம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டால் உள்ளே உள்ள சுருள் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். உடனே நிறுத்திப் போட்டால் அது வேலை செய்யாது. கறை ஆழமென்றால் திருத்துகிறவரிடம் உள்ள கைச்சுருள்தான் வழி.

மின்சாரம் நூறு வாற்றுக்குள் முடியும். மலிவான சதுர அலை இன்வேட்டரில் படத்தில் பட்டைகள் ஊரும். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். வயரைப் பிடுங்கிய பின்னும் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.