லிங்கனை வைத்து வக்கீல் பாடம்: ஈரோடு ஞாயிறு வகுப்பு எப்படி?

ஈரோடு பெருந்துறை சாலையில் ஒரு மாடி அரங்கில் இளம் வழக்கறிஞர்களுக்காக நடக்கும் ஞாயிறு வகுப்பில், ஆபிரகாம் லிங்கனின் தொழில் வாழ்க்கையையே முழுப் பாடமாக வைத்திருக்கிறார்கள். கோபி, பவானி, தாராபுரம் என்று சுற்றுவட்டார நீதிமன்றங்களிலிருந்து ஜூனியர்கள் வருகிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய். குறிப்பேடும் மதியச் சாப்பாடும் அதில் அடக்கம்.

வகுப்பின் உயிர் குறுக்கு விசாரணைப் பயிற்சிதான். 1858இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுனில் நடந்த டஃப் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கை மாதிரி விசாரணையாக நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஆம்ஸ்ட்ராங்குக்காக வாதாடியவர் லிங்கன். இரவு பதினொரு மணியளவில் நிலா வெளிச்சத்தில் சம்பவத்தைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியை லிங்கன் உடனே மறுக்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டு, பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்நேரம் நிலா மறையும் தறுவாயில் இருந்ததைக் காட்டினார். எங்கள் வகுப்பில் லிங்கனாக நின்ற தம்பி இரண்டாவது கேள்வியிலேயே பஞ்சாங்கத்தை நீட்டிவிட, சாட்சியாக நடித்தவர் "லாந்தர் விளக்கும் இருந்துச்சுங்க" என்று நழுவிவிட்டார். சாட்சி தப்பிக்கும் வழிகளையெல்லாம் அடைத்த பிறகே ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று பயிற்றுநர் அந்த இடத்திலேயே நிறுத்தி விளக்கினார். சீனியருக்குக் கேஸ் கட்டு சுமந்து பல வருடம் கழித்துப் புரிகிற விஷயம் அது.

இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் நிறுவன வழக்கையும் நன்றாக எடுத்தார்கள். மாவட்ட வரியிலிருந்து நிறுவனத்தைக் காப்பாற்றிக் கொடுத்த லிங்கன் 5,000 டாலர் கட்டணம் கேட்க, நிறுவனம் தராமல் இழுத்தடித்தது. 1857இல் அதன் மீதே வழக்குப் போட்டு வாங்கினார். அரங்கில் அதிகமாகச் சிரிப்பு எழுந்தது இங்கேதான்; பாக்கி வைக்கும் கட்சிக்காரர் எல்லோருக்கும் உண்டு.

அரசியலுக்கு வந்ததும் பாடம் தளர்கிறது. குறிப்பேடு லிங்கனை வக்கீலாகத் தொடங்கிப் பிறகு அரசியலுக்குத் தாவியவராகக் காட்டுகிறது. அவர் 1834இலேயே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகிவிட்டார். வக்கீல் உரிமம் பெற்றது 1836இல். இரண்டும் சேர்ந்தே ஓடியவை. நீதிபதியும் வக்கீல்களும் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்தும் 'எட்டாவது சர்க்யூட்' என்ற வட்டாரத்தில், நீதிபதி டேவிட் டேவிஸோடு சுற்றி, ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்ட வக்கீல்கள்தான் பின்னாளில் அவருடைய அரசியல் பலம். 1860இல் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் லிங்கனை அதிபர் வேட்பாளராக்க வேலை பார்த்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அதே டேவிஸ். 1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். வாய்தாவுக்கு வாய்தா பவானிக்கும் பெருந்துறைக்கும் அலைகிற ஜூனியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? அதற்குக் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

1855இல் ஒரு காப்புரிமை வழக்கில் லிங்கனை மதிக்காமல் ஒதுக்கிய எட்வின் ஸ்டான்டனை 1862இல் அவரே போர்த்துறைச் செயலராக்கியது, செனட் தேர்தலில் அவரை எதிர்த்த ஸ்டீபன் டக்ளஸுடன் 1858இல் நடந்த ஏழு விவாதங்கள் ஆகியவை கடைசி அரை மணியில் வேகமாக ஓடிவிடுகின்றன. சாப்பாட்டுக்குப் பின் விட்ட நீண்ட இடைவேளையைக் குறைத்திருந்தாலே இவற்றுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

விசாரணை நீதிமன்றத்தில் புதிதாக நிற்பவர்கள் தயங்காமல் சேரலாம். லிங்கனின் அரசியலைத் தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு இந்தக் கட்டணம் அதிகம். குறிப்பேட்டின் எழுத்து மிகச் சிறியது என்பதால் கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் எடுத்துப் போகவும்.