கயிறு, மருத்துவமனை, கூட்டம்: குடியை விட நினைப்பவர் முதலில் எங்கே போவது?

நெல்லைச் சீமையில் ஒருவர் குடியை விட மனம் வைத்தால், வீட்டார் முதலில் அழைத்துப் போவது பெரும்பாலும் கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோதான். கயிறு கட்டுவதும், ஐயப்பனுக்கு மாலை போடுவதும், தவக்காலத்தில் நேர்ந்துகொள்வதும் இங்கே பழகிப்போன வழிகள். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விரதமிருந்த 41 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர் நம் தெருவிலேயே இருப்பார். தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்பதை அந்த நாட்கள் அவருக்கே காட்டிவிடுகின்றன. ஆனால் விரதத்துக்குக் கெடு உண்டு. மாலையைக் கழற்றிய அன்று பொழுது சாய்ந்ததும் கால்கள் பழைய பாதையில் திரும்பும்போது, கூடவே நடந்துவர ஆள் இருப்பதில்லை.

மருத்துவமனையின் வேலை வேறு. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், கயிற்றை நம்பியோ, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டத்தை நம்பியோ ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் இல்லாத உருவங்கள் தெரிவதும், பிதற்றலும், உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் அவருக்கு முதல் இடம். (குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்கவே வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் உடலுக்கு ஒவ்வாத டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருக்க, அது தெரியாமல் அவர் குடித்தால் உயிர் போகக்கூடும்.) உடலைத் தேற்றி அனுப்புவது மருத்துவமனையால் முடியும். அதன்பின் வரும் ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் மருத்துவரால் வர முடியாது.

அங்கேதான் கூட்டம் வேண்டியிருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), 1957 முதல் இந்தியாவில் நடக்கிறது. சந்தா இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. டாஸ்மாக் கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் ஊரில், கை பரபரக்கும் அந்த மாலை நேரத்தில், ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி நடந்ததைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். அறிவுரை கேட்டுக் கேட்டுக் காது புளித்தவருக்கு, தன்னைப் போலவே கடன்பட்டு, தன்னைப் போலவே பொய் சொன்ன ஒருவர் இப்போது தெளிவாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே பெரிய மருந்து. இதை வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் அலசி 2020-ல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு, ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் சிகிச்சைமுறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்ததாகக் கண்டது.

எந்தக் கூட்டத்துக்குப் போவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். உள்ளூரில் நடந்தால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயம். தேவாலய வளாகத்து அறையில் நடந்தால், மதம் மாற்றிவிடுவார்களோ என்று இந்துவும் முஸ்லிமும் தயங்குகிறார்கள். அந்த அறை இடத்துக்காக மட்டுமே, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். தெரிந்தவர் கண்ணுக்குப் பயந்தால் அம்பாசமுத்திரத்துக்காரர் நெல்லைக்கோ, நாங்குநேரிக்காரர் நாகர்கோவிலுக்கோ போவதில் தவறில்லை. கூட்டம் முடிந்ததும் ஊர் திரும்ப பஸ் உண்டா என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கும் இரவு, புதிதாக நிறுத்தியவருக்கு நல்லதல்ல.

கைப்பேசியில் நடக்கும் தமிழ்க் கூட்டம் களக்காட்டு மலையடிவாரம் வரைக்கும் வந்துவிடும், முகத்தைக் காட்டாமலும் கேட்கலாம். ஆனால் முகம் காட்டாதவர் வராமல் போனால் ஏன் வரவில்லை என்று தேட ஆள் இருக்காது. வாரத்தில் ஒரு நாளாவது நேரில் போவது, மற்ற நாட்களில் கைப்பேசிக் கூட்டம் கேட்பது என்பதே என் பரிந்துரை. நேரில் போனால்தான் ஒரு வழிகாட்டி கிடைப்பார். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அவருடைய எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றி, வாரக்கூலியைக் கணவர் கைக்கு எட்டாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் முக்கூடல் பெண்ணுக்கும் தனியாகக் கூட்டம் உண்டு. அல்-அனான் என்பது குடும்பத்தாருக்கானது. கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அந்தப் பெண் அங்கே போகலாம்.

இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஹைகிரவுண்டு மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446-ஐ அழையுங்கள். முதல் முறை போகிறவர் திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ உடன் வந்து உட்காரலாம், மூடியது குடியை விட விரும்புபவருக்கு மட்டும்.