"பிளெயின் துணிக்கு ஏது மேடம் பக்கம்?" என்று சொல்லும் கடைகளிடம் உஷார்

குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறவர்கள் கவனத்துக்கு. 'வெட்டித் தயாராக உள்ள காட்டன் சதுரங்கள்' என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அப்படி ஒரு கடையில் வாங்கி நான் பட்ட பாடு இது. கைக்குழந்தைக்கான விரிப்பு ஒன்று ஆர்டர் வந்திருந்தது, அதற்காக வாங்கினேன்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: சுத்தமான காட்டன் பாப்ளின், 5 அங்குலச் சதுரம், ஒரே மெரூன். பணம் கட்டுவதற்கு முன்பே நல்ல பக்கம், உள்பக்கம் வித்தியாசம் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பிளெயின் துணிக்கு ஏது மேடம் பக்கம், எப்படி வேணும்னாலும் வச்சுத் தைங்க" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை நம்பி ராத்திரி டியூப்லைட்டில் மேல்பாகம் முழுவதையும் இணைத்துவிட்டேன். காலையில் பால்கனிக் கம்பியில் போட்டால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது! ஒரு கட்டம் பளபளப்பு, பக்கத்துக் கட்டம் மங்கல், இன்னொன்று இரண்டுக்கும் நடுவில்.

வந்தது பாப்ளினே இல்லை, சாட்டின் காட்டன். பாப்ளினில் பாவும் (நீளவாக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், அந்தத் துணிக்குக் கடைக்காரர் சொன்ன பதில் சரி. சாட்டின் நெசவில் ஓர் இழை நாலு இழையைத் தாண்டிப் போய் ஐந்தாவதுக்கு அடியில் இறங்கும். நீளமாகக் கிடக்கும் அந்த இழைகள்தான் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து மினுக்கும். பின்பக்கம் மங்கல். மொபைல் கேமராவை ஜூம் செய்து பார்த்தாலே தெரிகிறது.

பளபளப்புப் பக்கத்தையே மேலே வைத்தாலும் தப்பிக்க முடியாது. சதுரத்தைக் கால் வட்டம் திருப்பினால் இழை ஓடும் திசை மாறி நிறமும் மாறித் தெரியும். நடுத்தரமாகத் தெரிந்த கட்டங்கள் அப்படி வந்தவைதான். தானில் (முழுச் சுருளிலிருந்து) வாங்கினால் துணியின் ஓரத்துக் கரையைப் பார்த்துத் திசை பிடிக்கலாம், பாவு கரையை ஒட்டியே ஓடும். சதுரமாக வெட்டிக் கொடுத்தபிறகு கரைக்கு எங்கே போவது? இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாவுப் பக்கம் கொடுக்காது, ஊடைப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும்.

மில்லில் துணியை இழுத்துப் பிடிக்கும்போது விழும் கரையோரத்து ஊசித் துளைகளை வைத்து நல்ல பக்கம் சொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மில்லுக்கு மில் மாறும். நல்ல பக்கம் எது என்று அது சத்தியம் பண்ணாது. எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வைக்க மட்டும் உதவும், குயில்ட்டுக்கு அதுவே போதும்.

இனி எந்த பிளெயின் துணி வந்தாலும் ஒரு மூலையை மடித்து மேலே போட்டு, பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வெட்டும்போதே உள்பக்கத்தில் சாக்பீஸால் பாவு ஓடும் திசைக்கு ஒரு கோடு. வெட்டிய சதுரமாக வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி, மீட்டர் கணக்கில் கரையோடு வாங்குங்கள்.

கடைக்காரர் முதலில் லைட் வெளிச்சத்தைக் குறை சொன்னார். பிறகு வெட்டின துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். வெட்டி விற்றதே அவர்கள்தானே! விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளில் இருக்கிறது. அதைச் சொன்னதும் பாதிப் பணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரப் படம், வாட்ஸ்அப் பதில், பில் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்ததால் புகார் பதிவது சுலபமாக முடிந்தது.

இன்று காலை பார்த்தேன், அதே படத்தைப் போட்டு 'பாப்ளின்' என்றே இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.