ஃபைனான்சியல் இன்ஜினியரிங் சேர்க்கை: மதுரையில் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் ஃபைனான்சியல் இன்ஜினியரிங் (பங்கு, கடன் போன்றவற்றின் விலையையும் அபாயத்தையும் கணிதத்தாலும் கணினி நிரலாலும் கணக்கிடும் துறை) மாஸ்டர்ஸ் படிக்க நினைத்து, அதற்காக மதுரையில் கன்சல்டன்சி தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இது என் அக்கா மகனுக்கு நடந்தது. திருமங்கலத்துப் பையன், மெக்கானிக்கல் முடித்தவன், கணக்கில் கெட்டி. மாஸ்டர்ஸ் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் 170க்கு 168 வாங்கியிருந்தான். பைபாஸ் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு கன்சல்டன்சியில் 1,40,000 ரூபாய் கட்டினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

உட்கார்ந்ததும் அவர்கள் நீட்டியது ஒரு கலர் பட்டியல். பச்சை என்றால் சேஃப், மஞ்சள் என்றால் மாடரேட், சிவப்பு என்றால் ட்ரீம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எதிரே ஒரு சதவீதம். பிரின்ஸ்டனும் கொலம்பியாவும் சிவப்பில் இருந்தன. நியூயார்க்கில் உள்ள பரூக் காலேஜ் பச்சையில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடம் என்ற கணக்கோடு. "கவர்மென்ட் காலேஜ் சார், ஃபீஸும் கம்மி. தம்பிக்கு அது கையில இருக்குன்னே வச்சுக்கோங்க" என்றார் கவுன்சிலர்.

மோசடியின் வேர் அந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. அது பிளஸ் டூ முடித்து இளங்கலையில் சேர வருகிறவர்களுக்கான விகிதம். மாஸ்டர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பரூக் காலேஜ் நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. இளங்கலையில் தாராளமாகச் சேர்ப்பார்கள். ஆனால் அதே கல்லூரியின் ஃபைனான்சியல் இன்ஜினியரிங் படிப்பு, அமெரிக்காவிலேயே நுழையக் கடினமானவற்றில் ஒன்று. வகுப்பு மிகச் சிறியது. நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைக்காது. பல மாறிகள் கொண்ட கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு எல்லாம் கையோடு இருக்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழி தெரிந்திருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை நேர்காணலில் கணக்குப் போடச் சொல்வார்கள். இதில் ஒன்றையாவது எங்களிடம் சொன்னார்களா? பையன் நேர்காணல் என்ற வார்த்தையைக்கூட அந்த அலுவலகத்தில் கேட்டதில்லை.

ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் காட்டியே எங்களை உசுப்பேற்றினார்கள். இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஐ.ஐ.டி., சீனப் பல்கலைக்கழகங்கள் என்று எண்ணோடு புழங்குகிறவர்கள். 168 என்பது அங்கே வாசல் வரை கூட்டிப்போகும், அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னென்ன கணிதப் பாடம் படித்தாய், நிரல் எழுத வருமா, இந்த வேலை ஏன் வேண்டும் என்றுதான் பார்க்கிறார்கள். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலாக கன்சல்டன்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பக் கட்டுரையில், பையன் சின்ன வயதிலிருந்தே பங்குச் சந்தையைக் கவனித்து வருவதாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் ஒரு பங்கு வாங்கியதில்லை. அவனோடு பணம் கட்டிய உசிலம்பட்டிப் பையனின் கட்டுரையிலும் அதே பத்தி, ஊர் பெயர் மட்டும் வேறு.

அடுத்தது நியூயார்க் யுனிவர்சிட்டி. அங்கே இந்தத் துறைக்கு இரண்டு தனித்தனி வாசல்கள். கூரன்ட் கணித நிறுவனம் நடத்தும் 'மேத்தமேட்டிக்ஸ் இன் ஃபைனான்ஸ்' ஒன்று, டாண்டன் பொறியியல் பள்ளி நடத்தும் ஃபைனான்சியல் இன்ஜினியரிங் இன்னொன்று. முன்னதில் இடம் கிடைப்பது ரொம்பக் கடினம். பின்னதில் அவ்வளவு இல்லை. டாண்டன் மோசம் என்று சொல்லவில்லை, நல்ல படிப்புதான். ஆனால் கூரன்ட்டுக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு டாண்டனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தால் அதற்குப் பெயர் என்ன? கொலம்பியாவிலும் இதே கதைதான். பொறியியல் பள்ளியில் ஒரு படிப்பு, கணிதத் துறையில் இன்னொன்று. பட்டியலில் எல்லாம் சேர்ந்து 'கொலம்பியா' என்று ஒரே வரி.

கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு மார்ச்சில் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பச் சுற்றுகள் முந்தைய ஆண்டிலேயே ஒவ்வொன்றாக முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் டிசம்பர்தான் கடைசி என்று சொல்லி அதையும் கோட்டை விட்டார்கள்.

இத்தனையும் எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் மின்னஞ்சல். விண்ணப்பத்துக்கென்று புதிதாக ஒரு முகவரி தொடங்கி, கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். "நூத்துக்கணக்குல மெயில் வரும் தம்பி, நாங்க பார்த்துக்கிறோம்." பரூக் மறுத்து அனுப்பிய கடிதம் பல வாரம் அதிலேயே கிடந்தது. அக்கா சத்தம் போட்டு கடவுச்சொல்லை வாங்கிய பிறகுதான், எட்டு விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கி ஐந்தைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. ஒரு விண்ணப்பத்துக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் ஆகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

'நூறு சதவீத அட்மிஷன், இல்லையென்றால் பணம் வாபஸ்' என்பதை எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க ஆஃபர் லெட்டர் வாங்கி வைத்தார்கள். நாங்கள் கேட்காதது. ஒப்பந்தத்தில் 'ஏதேனும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்' என்று இருக்கிறதாம். "மாமா, நான் எப்ப இதுக்கு அப்ளை பண்ணினேன்?" என்று பையன் என்னிடம் கேட்டான். இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்கு கமிஷன் தருகின்றன. ஆளை அந்தப் பக்கம் தள்ள ஏஜென்ட் ஏன் துடிக்கிறார் என்பது அப்போது விளங்கிவிடும்.

ஆகவே கலர் பட்டியலைக் காட்டினால், இந்த விகிதம் எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று கேட்டு அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பள்ளி, எந்தத் துறை, படிப்பின் முழுப் பெயர் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மின்னஞ்சல் மாணவனுடையதாகவே இருக்கட்டும். விண்ணப்பக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே பல்கலைக்கழகத் தளத்தில் கட்டுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கலர் பட்டியல் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டதே அந்தப் பட்டியலைத்தான். இதே 'ஏதேனும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்' வரி உங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு போடலாம்.